ஒரு தடவைதான் கேட்பார்கள்

தம்பி,

அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. பஸ் புறப்படும் முன் உன் காதைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பாள். எனக்கு அந்த வாய் இல்லை. எனக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது, உனக்குப் பதினேழு. இரண்டு வயது மூத்தவள் தாய் மாதிரி புத்தி சொல்ல வந்துவிட்டாளே என்று நீ சிரிக்கலாம். ஆனால் எட்டு வருஷமாக உனக்குச் சோறு ஆக்கிப் போட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும், பொய் சொன்னபோது அகப்பையால் அடித்ததும் நான்தான். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் சாலையில் இருப்பவர். உன்னை வளர்த்தது யார் என்று கேட்டால் நம் கம்போங் செட்டித் தெருவில் இருக்கும் சின்னப் பிள்ளைகூட என்னைத்தான் கைகாட்டும். அதனால் பெற்றவள் பேசுகிற உரிமையில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை பஸ்ஸில் ஏறியதும் இதைப் பிரிக்காதே என்று உறையின் மேலேயும் எழுதிவிடுகிறேன். மூவார் ஆற்றைக் கடக்கும் பெர்ரிப் படகுக்காக வண்டிகள் கரையில் வரிசையாக நிற்கும், அங்கே எப்படியும் நேரம் கிடைக்கும். அப்போது படி. படித்து முடித்ததும் முன்னால் உட்கார்ந்திருக்கும் உன் வாத்தியாரிடம் கொடு. அவரும் படிக்கட்டும். மற்ற ஆசிரியர்கள் கேட்டால் அவர்களும் படிக்கட்டும். இதில் எனக்கு வெட்கம் தருகிற விஷயங்கள் இருக்கின்றன. வாயால் சொல்லத் தெரியாதவள் எழுத்திலும் ஒளித்தால் பிறகு எதற்காக எழுதுவது? துணி துவைத்து, உலர்த்தி, அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்து, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். கை வலிக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் சாப்பாட்டு விஷயம். ஆசிரியர் சங்கம் பள்ளி விடுமுறைக்காக ஒரு விமானத்தையே மொத்தமாக வாடகைக்கு எடுத்ததால்தான், மெட்ராஸ் போய் மாமாவைப் பார்த்து வர உனக்கு ஓர் இடம் கிடைத்தது. கட்டணம் குறைவு. அதனால் சாப்பாடும் குறைவு. மற்ற விமானங்களில் தட்டுத் தட்டாகச் சூடாக வருமாம், இதில் அதெல்லாம் கிடையாது. ஏறிக் கொஞ்ச நேரத்தில் கோப்பி அல்லது தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட். நடுப்பகலில் ஒரு காகிதப் பெட்டி, அதற்குள் இறைச்சி வைத்த ரொட்டியும் ஒரு பழமும். எண்ணெய் போட நடுவில் இறங்குகிற ஊரில் ஒரு காண்டீன் உண்டு, ஆனால் அறுபது பேர் ஒரே நேரத்தில் போய் நின்றால் உன் கை மேசையை எட்டும் முன் மணி அடித்துவிடுவார்கள். இறங்கும் முன் மறுபடி ஒரு தே. காலையில் ஏறினால் சாயங்காலம் வரை இவ்வளவுதான்.

கோப்பி வேண்டாம், பால் ஊற்றியிருந்தாலும் வேண்டாம். கலர் சோடா கொடுத்தால் தொடாதே, மேலே போகப் போக வயிறு உப்புமாம். பெட்டியில் இருக்கும் பழம் ஆரஞ்சாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடு, வாழைப்பழமாக இருந்தால் நீ சாப்பிடு. இறைச்சி மாடாக இருக்கலாம், அந்த ரொட்டியைத் தொடவே வேண்டாம். வழிப்பயணம் என்றால் புளிச்சோறு கட்டு என்று தெருவில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள், உன் வயிற்றுக்குப் புளி ஆகாது என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். சீனி தூவி நெய் தடவிய இட்லி பத்து வைத்திருக்கிறேன், அது பஸ்ஸுக்கு மட்டும். மிச்சம் இருந்தால் இரவு தங்கும் சிங்கப்பூரில் போட்டுவிடு, மறுநாள் விமானம் ஏறும்போது தின்னாதே. விமானத்துக்கென்று தகர டப்பாவில் காய்ந்த ரொட்டியும், பொட்டலத்தில் பால்மாவும் இருக்கின்றன. விமானத்தில் சுடுதண்ணீர் கிடைக்கும், அதில் பால்மாவைக் கரைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குடி. ஆனால் சுடுதண்ணீர் கேட்டால்தான் கிடைக்கும். இறைச்சிக்குப் பதில் மரக்கறி வைத்த பெட்டியும் கேட்டால்தான் கிடைக்கும்.

என் கவலையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நீ கேட்க மாட்டாய். யாராவது தானாக வந்து நீட்டினாலும் "சாப்பிட்டாச்சு" என்பாய். உன்னை அப்படிப் பழக்கியவள் நான்.

அம்மா போன அந்த வருஷம் புக்கிட் காதிலில் அத்தை முறையாகும் ஒருத்தி வீட்டில் காதுகுத்து நடந்தது. உனக்கு ஒன்பது வயது. அப்பா ஊரில் இல்லை, நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனேன். வெயிலில் நடந்து போனதால் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழையும்போது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல் பந்தல் பக்கம் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அந்த அத்தை இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "வந்துருச்சுங்க பாரு. தாயில்லாத பிள்ளைங்கன்னு பாவம் பார்த்தா, எல போடுற நேரத்துக்குச் சரியா வந்து நிக்குதுங்க." மற்றவள் சிரித்தாள். "வயித்துலயே கடியாரம் வச்சிருக்குதுங்க லா."

நான் திரும்பி வந்து உன் கையைப் பிடித்துப் பந்தியிலிருந்து எழுப்பினேன். "சாப்பிட்டுட்டோம்னு சொல்லு," என்றேன். "சாப்பிடலையே அக்கா," என்றாய். உன் தொடையைக் கிள்ளினேன். நீ உடனே, கண்ணில் தண்ணீரோடு, பரிமாற வந்தவரிடம் "சாப்பிட்டாச்சு" என்றாய். அவர் நம்பிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ தொடையைத் தேய்த்துக்கொண்டே வந்தாய். நான் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது, அன்றைக்கு என்னவோ பெரிய காரியத்தைச் சாதித்ததாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அதை உனக்குப் பாடமாகவே நடத்தினேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். இந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் நலமா என்று கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார்கள். "தமிழாளுங்க கேட்டா என்ன சொல்லணும்?" "சாப்பிட்டாச்சு." "மலாய்க்காரங்க கேட்டா?" "சுடா மாக்கான்." "அவங்க மறுபடியும் கேட்டா?" "வயிறு நெறைஞ்சிருக்கு." நீ ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. வாய்ப்பாடு உனக்கு இவ்வளவு வேகமாக வந்ததே இல்லை.

அடுத்த சந்தில் மலாய் பேசுகிற செட்டி வீட்டு அம்மாள், நாம் மாக் என்று கூப்பிடுவோமே, அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படைத்த நாள் நினைவிருக்கிறதா? வாழையிலையில் என்னென்னவோ படைத்திருந்தார்கள், தேங்காய்ப்பால் சோற்றின் வாசனை நம் வீடு வரை வந்தது. படையல் முடிந்ததும் மாக் வேலியோரம் வந்து, "மாரி, மாக்கான்," வா, சாப்பிடு என்று மலாயில் உன்னைக் கூப்பிட்டார். நீ இலையைப் பார்த்துக்கொண்டே "சுடா, மாக்" என்றாய். சொல்லி வாய் மூடுவதற்குள் உன் வயிறு இரைந்தது. எல்லோருக்கும் கேட்டது. மாக் உன் வயிற்றைத் தொட்டு மலாயில், "நீ சாப்பிட்டாச்சு. சரி. உள்ளே இருக்கிறவன் இன்னும் சாப்பிடலையாமே, அவனையாவது அனுப்பு," என்றார். அந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், கூடாது என்று. நீ வந்துவிட்டாய். முன்னோருக்குப் படைத்த சோற்றை வேண்டாமென்று சொன்னதில் மாக்குக்கு மனம் கசந்துவிட்டது, இரண்டு மாதம் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் நான் கௌரவம் என்றே எண்ணினேன்.

போன வருஷம் பரீட்சைக்குப் படிக்க உஜோங் பாசிரில் உன் கூட்டாளி வீட்டில் இரண்டு நாள் தங்கினாய். மூன்றாம் நாள் காலையில் அவனுடைய அப்பா தன் காரில் வந்து, நீ ரத்தமாக வாந்தி எடுத்ததாகவும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். அந்த மனிதர் அழாக்குறையாக நின்றார். "எத்தனை தடவை கூப்பிட்டோம்மா! வீட்டுலேர்ந்தே சாப்பிட்டுட்டு வந்தேன்னான், கடையில சாப்பிட்டேன்னான். நாங்க என்ன செய்யறது?" ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் தமிழ் டிரெஸ்ஸர் ஒருவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "தங்கச்சி, உன் தம்பிக்கிட்ட நாலு பேரு கேட்டாச்சு. நாலு பேருக்கும் ஒரே பதில்தான், சாப்பிட்டாச்சு. வாயில ரத்தம் வருது, அப்பவும் சாப்பிட்டாச்சு! யாரு இவனுக்கு இதச் சொல்லிக் குடுத்தா?" நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் இன்றுவரை சொல்லவில்லை.

குடலில் புண், மூன்று மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது, இன்னொரு தடவை இப்படி ரத்தம் வந்தால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நடுக்கடலுக்கு மேலே ஆஸ்பத்திரி இல்லை, தம்பி. இதை வாத்தியாரிடம் நாம் இருவருமே சொல்லவில்லை. சொன்னால் உன் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருக்காவது இடத்தைக் கொடுத்துவிடுவாரோ என்று நீயும் பயந்தாய், நானும் பயந்தேன். அதனால்தான் இப்போது எழுத்தில் சொல்கிறேன். அவர் இதைப் படித்துவிட்டு, வேண்டாம், திரும்பிப் போ என்றால், சண்டை போடாமல் மூவாரிலிருந்தே வீட்டுக்கு வந்துவிடு. வாசல் திறந்துதான் இருக்கும். கூட்டிப்போக அவர் சம்மதித்தால், அவர் இனி உன்னைப் பார்த்துக்கொள்வார், எனக்கும் மூச்சு வரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போன மாதம் பள்ளி மண்டபத்தில் பயணக் கூட்டம் நடந்ததே, அப்பாவுக்குப் பதிலாக நான் போனேன். விமானச் சீட்டு ஏற்பாடு செய்கிற மனிதர் மேடையில் நின்று, விமானத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எதைக் கையில் கொண்டுவரலாம் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், "மரக்கறிப் பெட்டி வேணுங்கறவங்க கைதூக்குங்க, பேர் எழுதிக்கறேன்," என்றார். அங்கங்கே கைகள் எழுந்தன. என் பக்கத்தில் ஒரு வாத்தியாரின் மாமியார், "எனக்குப் பல்லே இல்ல. கஞ்சிப் பெட்டி இருக்கா?" என்று உரக்கக் கேட்டார். மண்டபமே சிரித்தது. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு என் கை எழவில்லை. மடியில் கிடந்த கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டியலை மடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தபோது, "மரக்கறிப் பெட்டிக்குச் சொல்லிட்டியாக்கா?" என்று கேட்டாய். "எல்லாம் சொல்லியாச்சு," என்றேன். அது பொய்.

பிறகு நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்த மனிதரின் கடை டவுனில்தான் இருக்கிறது. முதல் தடவை வாசலைப் பார்க்காத மாதிரி கடந்து போனேன். இரண்டாம் தடவை உள்ளே ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், எதிர்க்கடையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை, போன வெள்ளிக்கிழமை, உள்ளே போய்விட்டேன்.

"என்னம்மா வேணும்?" என்றார்.

"தம்பிக்கு..." என்றேன்.

"தம்பிக்கு?"

"சாப்பாடு..."

"சாப்பாட்டுக் கடை பக்கத்துல, அம்மா. இது ஏரோப்ளேன் கடை," என்றார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரித்தார். திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் உன் வாயில் ரத்தம் இருந்த அந்தக் காலை நினைவுக்கு வந்து, எப்படியோ, பாதி வாக்கியங்களாக, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்நிய மனிதரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் கேலியை நிறுத்திவிட்டார். "அடடா, கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே. பட்டியல் சிங்கப்பூர் போயிருச்சும்மா. இனிமே சேக்க முடியாது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூணு பெட்டி எப்பவும் கூடுதலா ஏத்துவாங்க. வாயத் தொறந்து முதல்ல கேக்கறவங்களுக்குத்தான். உன் தம்பி ஏறி உக்காந்த உடனே கேக்கணும்," என்றார்.

"அவன் கேக்க மாட்டான் சார். குடுத்தாலும் முதல்ல வேணாம்னுதான் சொல்லுவான்."

"அது ஆகாது," என்றார். "நம்ம வீட்டுல மாதிரி இல்லம்மா. நம்ம ஆளுங்க மொதல் தடவ வேணாம்பாங்க, ரெண்டாந்தடவயும் வேணாம்பாங்க, மூணாந்தடவ கையப் புடிச்சு இழுத்தா உக்காருவாங்க. ஏரோப்ளேன்ல ஒரு தடவதான் கேப்பாங்க. நோ தேங்க்யூன்னா சாப்பாடு கொண்டார பொண்ணு அடுத்த சீட்டுக்குப் போயிரும். திரும்பி வராது. போன தடவ ஒரு பெரியவரு, மறுபடி கேப்பாங்க கேப்பாங்கன்னு மெட்ராஸ் வரைக்கும் காத்துக்கிட்டே போனாரு."

வீடு வரும் வரை அந்தப் பெரியவர் நினைவாகவே இருந்தது. அவராவது மூன்றாம் தடவை சம்மதித்திருப்பார். உனக்கு நான் அதையும் மிச்சம் வைக்கவில்லை.

இந்த வாரம் முழுவதும் நான் உன்னிடம் ஏன் கல் மாதிரி நடந்துகொண்டேன் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் தட்டைக் கொண்டுவந்து, "சாப்பிடுறியா?" என்றேன். நீ புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "அப்புறம்க்கா," என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நீ அடுப்படி வாசலில் வந்து நின்றாய். என்னைப் பார்த்தாய், மூடிய தட்டைப் பார்த்தாய், கேட்காமலே திரும்பிப் போய்விட்டாய். எட்டு வருஷத்தில் நான் உன்னை இரண்டாம் தடவை கூப்பிடாதது அன்றைக்குத்தான். அரை மணிகூட என்னால் தாங்க முடியவில்லை, பால் ஆற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று தோற்றது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமை நீ கோபத்தில் கத்தினாய். "என்னக்கா நீ, ஒரு பேச்சுக்கு வேணாம்னா தூக்கிட்டே போயிடுறே? ஊருக்குப் போறவன்னா அவ்வளவு எளக்காரமா?" அப்பாவும் லாரியைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா, பிள்ளைய இப்பிடிப் பட்டினி போடுறே?" என்று கேட்டார். பட்டினி என்ற சொல் என்னை எங்கே தைத்தது என்று அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று, நான் போய் அரிசி களைய ஆரம்பித்தேன். முன்பே காரணத்தைச் சொல்லியிருந்தால் நீ எனக்காகத் தலையாட்டியிருப்பாய். எனக்காகச் சொல்கிற சரி எனக்கு வேண்டாம். அது விமானத்தில் உன்னோடு வராது.

இன்று மத்தியானம் கஞ்சி வைத்திருந்தேன். நீ துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாய், முதுகு என் பக்கம் இருந்தது. "தம்பி, கஞ்சி..." என்று ஆரம்பித்தேன். குடிக்கிறியா என்று நான் கேட்டு முடிக்கவில்லை. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "குடுக்கா, பசிக்குது," என்றாய்.

பசிக்குது என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒன்பது வயதில்கூடச் சொன்னதில்லை. கிண்ணத்தை உன் கையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், கழுவ ஒன்றுமில்லாமல் கையைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றேன். அங்கே நின்றபோதுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விமானத்தில் அந்தப் பெண் இங்கிலீஷில் கேட்பாள். உனக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்குத் தெரியாது. அந்தச் சொற்களை நீயே தேர்ந்துகொள். கையை மட்டும் இன்று நீட்டிய மாதிரியே நீட்டு.

இப்படிக்கு,
அக்கா